பூ மாட்டும் ஆணிகள்

போன வாரம் கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்தது. உயிர்வேதியியல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் விரிவுரையாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், முகம்கூடத் தெரியாது. கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களாம். மூலக்கூறு உயிரியல் ஆய்வகக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறதே, அது எதற்கு, பிடுங்கிவிடலாமா என்று கேட்டார். மாணவிகள் தலையில் இருக்கும் பூவை எடுத்து அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள், ஏன் என்று கேட்டால் சீனியர்கள் சொன்னார்கள் என்கிறார்கள், முதல் ஆணியில் மட்டும் யாரும் மாட்டுவதில்லை, அதற்கும் காரணம் தெரியவில்லை என்றார். எனக்குக் கோபம் முணுக்கென்று வந்துவிட்டது. பிடுங்குவதாம்! பிறகு, யாரும் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். ஐந்து வருட ஒருங்கிணைந்த படிப்பில் சேர்ந்தவர்கள் இனி மூன்றாம் வருட முடிவில் இளங்கலைப் பட்டத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாமாம். நல்ல ஏற்பாடு. எங்கள் காலத்தில் அது கிடையாது. ஏறினால் கடைசி ஸ்டாப்பில்தான் இறங்க முடியும். நடுவில் குதித்தால், நாலரை வருடம் படித்தவரும் காகிதத்தில் வெறும் பிளஸ் டூதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். ஆணி வந்த கதைக்கு இது வேண்டும்.

என் கதை சின்னது. ஊர் வடமதுரை. மதுரையில் வேதியியலும் பிறகு உயிர்வேதியியலும் படித்தேன். திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் சர்க்கரையும் யூரியாவும் பார்த்துக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே ஊரில் இந்தக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து வடமதுரை பஸ்ஸும் கல்லூரி மணியும்தான் என் வாழ்க்கை. சொல்லிக்கொள்ளும்படி என்னிடம் ஏதாவது உண்டு என்றால், அது அமலோற்பவம் மேடத்தின் கீழ் வேலை பார்த்ததுதான். அவர்தான் எங்கள் துறைத்தலைவர்.

மேடம் குள்ளம். குரலும் சின்னது. பின்பெஞ்சுக்குக் கேட்காது, அதனாலேயே பின்பெஞ்சு மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும். சொந்த ஊர் திண்டுக்கல்தான், வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார். தினமும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எப்போதும் வாங்கும் பூக்காரியிடம் ஒரு முழம் குண்டுமல்லி வாங்கி வைத்துக்கொண்டுதான் கல்லூரிக்கு வருவார். அவர் வருவதற்கு முன்னால் வாசனை வராந்தாவுக்கு வந்துவிடும். மாணவர்கள் அரட்டையை நிறுத்துவது அந்த வாசனைக்குத்தான். ஏதாவது யோசிக்கும்போது வலது கை தானாகப் பின்னால் போய்ப் பூவைத் தொட்டுச் சரிசெய்யும். கடினமான கேள்வி கேட்டால் கை பூவுக்குப் போகும், திரும்பி வரும்போது பதிலும் வரும். இதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் பெரிதாக நினைத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஐந்து வருடப் படிப்பை ஆரம்பித்தோம். உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும் சேர்ந்தது, இளங்கலையும் முதுகலையும் ஒரே மூச்சில். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பெற்றோருக்குக் கொட்டாவி வந்துவிடும். இது பி.எஸ்ஸியா எம்.எஸ்ஸியா என்று கேட்பார்கள். இரண்டும் என்றால், ரெண்டையும் தனித்தனியாகப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாமா என்று கல்யாணப் பத்திரிகையை நினைத்துக் கேட்டவரும் உண்டு. சேர்க்கைக்கு ஆள் பிடிக்க நானும் மேடமும் குஜிலியம்பாறை வரைக்கும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தோம். நடுவில் நிற்பவருக்கு எந்தப் பட்டமும் கிடையாது என்கிற விஷயத்தை, கேட்டால் சொன்னால் போதும் என்று கல்லூரி அலுவலகத்தில் வாய்மொழியாக ஒரு உத்தரவு. மேடம் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு பெற்றோரிடமும் முதல் வாக்கியமாக அதைத்தான் சொன்னார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எழுந்து போகாதவர்களில் ஒருவர் கருப்பையா. வத்தலக்குண்டுக்குப் பக்கத்துக் கிராமம், கொஞ்ச நிலத்தில் மல்லிகைத் தோட்டம். மகள் முத்துமாரியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடம் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு மகளைப் பார்த்தார்.

"என்ன ஆத்தா, ஏறுனா எறங்க முடியாதாம்ல. ஏறுறியா?"

முத்துமாரி ஏறினாள். அந்த வருடம் சேர்ந்தவர்களை இரண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம்.

அவர்கள் மேல் வகுப்புக்கு வந்த நேரத்தில் எங்களுக்கு பி.சி.ஆர். மெஷின் வந்து சேர்ந்தது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு செடியின் இலையிலிருந்தோ கிருமியிலிருந்தோ டி.என்.ஏ.வை எடுத்து, கண்ணுக்கே தெரியாத அளவு ஒரு சின்ன டியூபில் போட்டுக் கொடுத்தால், அதில் நமக்கு வேண்டிய துண்டை மட்டும் இந்த மெஷின் கோடிக்கணக்கில் பெருக்கிக் கொடுக்கும். அதை ஜெல்லில் ஓடவிட்டு ஊதா விளக்கில் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கோடு தெரியும். கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை வைத்து இது இன்னது என்று சொல்லலாம். மெஷினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நாம் போட்டதா, தானாக வந்து விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. தூசி அளவு வேறு எதுவும் டியூபுக்குள் போனால் அதையும் பெருக்கித் தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் கடைசி டியூபில் டி.என்.ஏ. எதுவும் போடாமல் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அதில் கோடு வரவே கூடாது. வந்தால் எங்கேயோ அழுக்குச் சேர்ந்திருக்கிறது, அன்றைய வேலை அத்தனையும் குப்பை.

இந்தத் தண்ணீர் டியூப் விஷயத்தில் மேடம் வைத்த சட்டத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ஜெல் போட்டோவை மாணவர் நீட்டினால், வாங்கி மேஜையில் வைத்து, உள்ளங்கையால் மூடிவிடுவார். ஓரத்தில் தண்ணீர் டியூபின் இடம் மட்டும் வெளியே தெரியும்.

"முதல்ல தண்ணியப் பாப்போம். தண்ணி சுத்தமா இருந்தாத்தான் மத்ததப் பத்திப் பேசலாம்."

அது சுத்தமாக இருந்தால்தான் கையை எடுப்பார். இல்லாவிட்டால் போட்டோவைக் குப்புறப் போட்டுவிட்டு, நாளைக்குத் திரும்பச் செய்யுங்கள் என்பார். கூடவே, சாப்பிட்டீர்களா என்று ஒரு கேள்வி. திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று மாணவர்கள் புலம்புவார்கள். ஆசையாக எதிர்பார்த்த முடிவு அந்தக் கைக்குக் கீழே இருக்கும், ஆனால் அதைப் பார்க்கக் கிடைக்காது. கண் முதலில் ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டால் பிறகு அழுக்கு கண்ணில் படாது என்பது அவர் கணக்கு. எவ்வளவு சரியான கணக்கு!

அந்தத் தண்ணீரையும் அவரேதான் தயாரித்து வைப்பார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரைப் பற்றித் தெரியும் அல்லவா, வாயில் வைக்க முடியாது. வாலைவடிநீர் எடுக்கும் கருவியில் வாரத்துக்கு வாரம் வெள்ளையாக உப்புக் கட்டும், அதை அமிலம் ஊற்றிச் சுரண்டுவது என் வேலை. அப்படி வடித்து, அழுத்தக் கலத்தில் கொதிக்கவைத்து ஆறிய நீரை, திங்கட்கிழமை காலையில் மேடம் தன் மேஜையில் உட்கார்ந்து சின்னச் சின்ன டியூப்களில் நிரப்பி மூடுவார். வேறு யாரையும் விடமாட்டார். கையுறை பெட்டிப் பெட்டியாக வாங்க வசதி இல்லாத துறை. இருக்கிறது பிள்ளைகளுக்கு என்று சொல்லி, அவர் கையை ஸ்பிரிட்டில் கழுவிக்கொண்டு வேலை செய்வார்.

ஐந்தாம் வருடம் புராஜெக்ட். அதில் தேறினால்தான் இரண்டு பட்டமும். முத்துமாரி எடுத்துக்கொண்டது தன் வீட்டுப் பிரச்சினையை. வெளியூர் வியாபாரி ஒருவர் குண்டுமல்லி என்று சொல்லி அவள் அப்பாவுக்கு விற்ற நாற்றில் பாதி வேறு ரகம். பூக்கிற வரைக்கும் தெரியவில்லை. பூத்த பிறகு பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. நாற்றாக இருக்கும்போதே ஓர் இலையைக் கிள்ளி, இது குண்டுமல்லியா, முல்லையா, பிச்சியா என்று சொல்ல முடியுமா? இதுதான் அவள் கேள்வி. மேடத்துக்கு அவ்வளவு சந்தோஷம். அதுவரை எங்கள் லேபில் எல்லோரும் பாக்டீரியாவைத்தான் கட்டிக்கொண்டு அழுதார்கள். செடியில் கை வைத்த முதல் ஆள் முத்துமாரிதான்.

அவள் வேலை செய்வதைப் பார்க்கவே நன்றாக இருக்கும். கொழுந்து இலையைக் கல்வத்தில் போட்டுச் சூடான கரைசல் ஊற்றி, கட்டி இல்லாமல் அரைப்பாள். குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கிச் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும். மேல் அடுக்கை மட்டும், நடுவில் இருக்கும் படலம் அசையாமல், உறிஞ்சி எடுப்பாள். அதில் குளிர்ந்த ஆல்கஹாலைச் சுவரோரமாக விட்டால் வெள்ளை நூல் மாதிரி டி.என்.ஏ. மிதந்து வரும். பூ தொடுத்துப் பழகிய விரல், அந்த நூலை அறாமல் சுற்றி எடுத்துவிடும். வாரத்தில் பாதி நாள் ஊரிலிருந்துதான் வருவாள். விடியுமுன் தோட்டத்தில் பூப் பறித்து, மூட்டையை அனுப்பிவிட்டு, குளித்து பஸ் ஏறுவாள். ஆனால் அவள் தலையில் மட்டும் பூ இருக்காது. கேட்டால், காலையில் பறித்த பூவே போதும் சார், அலுத்துப்போச்சு என்பாள்.

முதல் ஜெல் போட்டோவை மேடம் கையால் மூடினார். தண்ணீர் டியூபில் கோடு. பளிச்சென்று, குண்டுமல்லி உயரத்தில்.

சரி, முதல் தடவை என்று நினைத்தோம். அடுத்த முறையும் அதே. அதற்கடுத்த முறையும். காரணம் தேடிப் போட்டோக்களைத் திருப்பிப் பார்த்தபோது, முல்லை, பிச்சி டியூப்களில் அதனதன் கோட்டோடு குண்டுமல்லிக் கோடும் சேர்ந்து நின்றது. பாக்டீரியா வேலை செய்தவர்களுக்குத் தண்ணீர் சுத்தமாக இருந்தது, இவளுக்கு மட்டும் இல்லை. பல மாதம் இப்படியே போயிற்று. ரசாயனங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினோம். போர்வெல் வற்றும்போது லாரியில் வரும் தண்ணீர் மேல் நான் சந்தேகப்பட்டு, டிரைவரோடு கேட்டில் ஒரு சண்டை போட்டேன். பூ மார்க்கெட்டிலிருந்து தண்ணீர் பிடித்து வருகிறாயா என்று கேட்டதற்கு, அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மிச்சம் இருந்தது முத்துமாரியின் கைதான். பூப் பறித்த கை. எல்லோருக்கும் அது தோன்றிவிட்டது, அவளுக்கும் சேர்த்து. மேடம் அவளைக் கூப்பிட்டு, புராஜெக்ட் முடிகிற வரை ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே தங்கிக்கொள், பூவைத் தொடாதே என்று சொன்னார். பெட்டியோடு கொண்டுவந்து விட்ட கருப்பையா துறை வாசலில் நின்றார். தோட்டத்தில் அவளுக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் வைத்திருப்பதாகச் சொன்னார். போகும்போது திரும்பி ஒன்று கேட்டார்.

"பூப் பறிச்ச கைன்னா படிப்பு வராதா டீச்சரம்மா?"

மேடத்தின் கை பின்னால் போய்ப் பூவைத் தொட்டது. "வரும்ங்க. நாங்கதான் காரணத்தக் கண்டுபிடிக்கணும்" என்றார். அந்த மனிதர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

விடுதிக்கு வந்தும் கோடு போகவில்லை. முத்துமாரி பேச்சைக் குறைத்துவிட்டாள். ஐந்து வருடம் போய்விடுமோ என்ற பயம் முகத்தில் அப்படியே தெரிந்தது. சக விரிவுரையாளர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், எங்கள் அறையில் ஒரு யோசனை சொன்னார். தண்ணீர் டியூப் ஓரத்தில்தானே இருக்கிறது, போட்டோவில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டு ஒட்டினால் தேர்வாளருக்கு எப்படித் தெரியும், பிள்ளை பிழைத்துப் போகட்டும் என்றார். மேடம் கோபப்படவில்லை.

"வெட்டுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிருமே சார்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தை பிறந்தது. பனிக்கு மல்லிகை மொட்டு வைக்காது, வந்த கொஞ்சமும் யானை விலை விற்கும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்த வாரம் புதுத் தண்ணீரில் முத்துமாரி மறுபடி ஓட்டினாள். போட்டோவை மேடம் வழக்கம்போலக் கையால் மூடினார். நான் பக்கத்தில் நின்றேன், முத்துமாரி எதிரில். தண்ணீர் டியூபில் கோடு இருந்தது. ஆனால் இடம் மாறி இருந்தது. குண்டுமல்லி உயரம் இல்லை. மேடம் கையை எடுத்தார். முல்லை உயரம் இல்லை, பிச்சி உயரமும் இல்லை.

"இது நம்ம லேப்ல இல்லாத செடி" என்றார் மெதுவாக. "அப்ப இலையிலருந்து வரல. முத்துமாரி கையிலருந்தும் வரல. வெளியிலருந்து யாரோ..."

யோசிக்க ஆரம்பித்ததும் அவர் வலது கை பழக்கப்படி பின்னால் போயிற்று. பாதி வழியில் நின்றுவிட்டது. அப்போதுதான் நானும் பார்த்தேன். மல்லி கிடைக்காததால் அந்த வாரம் முழுக்க மேடம் தலையில் கனகாம்பரம்.

முத்துமாரி தரையைப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை, மேஜை மேல் திறந்து வைத்த டியூப்கள், அதன் மேல் குனிந்த தலை, பூவைத் தொட்ட கை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தது. பாக்டீரியா வேலையில் மெஷின் தேடுவது பாக்டீரியாவின் துண்டை. பூத்தூசி விழுந்தால் அது சட்டை செய்யாது. செடியில் கை வைத்த முதல் ஆள் முத்துமாரி, அதனால் அவள் தலையில் மட்டும் வந்து விடிந்தது. இத்தனை காலமும் எங்களில் யாராவது ஒருவர் அந்தக் கை எங்கே போய்விட்டு வருகிறது என்று பார்த்திருக்கலாம். தினமும் பார்ப்பது கண்ணில் படுவதில்லை.

வேறொருவராக இருந்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ரசாயனத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லி அறைக்குப் போயிருப்பார். துறைத்தலைவர், எங்களையெல்லாம் வளர்த்து ஆளாக்கியவர், யார் எதிர்த்துக் கேட்கப் போகிறார்கள்? மேடம் அங்கேயே நின்றபடி பூவைக் கழற்றினார். ஒரு இதழைப் பிய்த்து முத்துமாரியின் கையில் கொடுத்தார்.

"இதையும் ஒரு டியூப்ல ஓட்டும்மா. சந்தேகம் வேண்டாம், பாத்துருவோம்."

மறுநாள் பார்த்தோம். அதே உயரம், இம்மி பிசகவில்லை. போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு மேடம் முத்துமாரிக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உன்னையும் உங்கப்பாவையும் அனாவசியமா அலைய விட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு. இன்னைக்கே ஊருக்குப் போ. பூப் பறி" என்றார். முத்துமாரி அழுதுவிட்டாள். மேடம் அழவில்லை, ஆனால் குரல் இன்னும் சின்னதாகிவிட்டது.

அன்றிலிருந்து மேடம் வேலை நாளில் பூ வைப்பதை நிறுத்தினார். தண்ணீர் நிரப்பும் வேலையைத் தலையில் துணி கட்டிக்கொண்டு, கையுறை போட்டு, நான் செய்தேன். தண்ணீர் டியூப் பளிங்கு மாதிரி ஆயிற்று. ஆனால் பல மாத வேலை வீண். மிச்சம் இருந்த கொஞ்ச காலத்தில் முத்துமாரி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். மேடமும் கூடவே நின்று கல்வம் கழுவினார், ஐஸ் உடைத்தார். ஊரில் இதற்கிடையே வேறு பேச்சு. பூ இல்லாமல் வந்தவரைப் பார்த்துப் பூக்காரி பதறி, வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவர் வீட்டுக்காரரும் என்னைக் கடைவீதியில் பார்த்து, நான் உசுரோடதான் சார் இருக்கேன், ஊருக்கெல்லாம் சொல்லுங்க என்று சிரித்தார்.

வைவாவுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் கறார் பேர்வழி. முத்துமாரியின் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். ஆனியில் ஆரம்பித்த வேலைக்குத் தை வரைக்கும் ஒரு முடிவும் இல்லையே, இத்தனை மாதம் என்ன செய்தாய் என்று கேட்டார். டியூப்களில் பூவின் டி.என்.ஏ. கலந்துவிட்டது என்று அவள் சொன்னாள். எப்படிக் கலந்தது? அவள் மேடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் கவனக்குறைவு சார்" என்றாள்.

தேர்வாளர் பேனாவை மூடினார். அடிப்படைச் சுத்தமே பிடிபடாத ஒருவர், இன்னும் ஆறு மாதம் லேபில் இருந்துவிட்டு வரட்டும் என்று நினைக்கிறேன் என்றார். ஆறு மாதம் தள்ளிப்போனால் அந்த வருடம் பட்டம் கிடையாது. வழிகாட்டி வைவாவில் வாய் திறக்கக் கூடாது என்பது மரபு. மேடம் அதை ஒரு நாளும் மீறியதில்லை. அன்று எழுந்து நின்றார்.

"அது அவ கையிலருந்து வரல சார். என் தலையில இருந்த பூவுலருந்து வந்துச்சு. தண்ணி வச்சது நான். கோடு எடம் மாறுனத ஒளிக்காம என் முன்னாடி கொண்டாந்து வச்சது அவ. மார்க் கொறைக்கணும்னா வழிகாட்டிக்குக் கொறைங்க."

மாணவர்கள், மற்ற ஆசிரியர்கள், அலுவலகத்து ஆட்கள், அத்தனை பேருக்கும் முன்னால் ஒரு துறைத்தலைவர் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைத் துடைப்பதுபோலச் சமாளித்தேன். தேர்வாளர் அறிக்கையை மறுபடி பிரித்தார். பிறகு முத்துமாரியிடம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவள் கனகாம்பரக் கோட்டிலிருந்து ஆரம்பித்து, புது ஜெல்கள் வரைக்கும் தடங்கலில்லாமல் சொன்னாள். அவர் கடைசி போட்டோவை வாங்கி, தண்ணீர் டியூப் எது என்று கேட்டு, முதலில் அதைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

முடிவு வந்த நாள் நல்ல கோடை. முத்துமாரிக்கு இரண்டு பட்டமும் உறுதி. மத்தியானத்துக்கு முன்னால் கருப்பையா வந்தார், வெள்ளை வேட்டி, கையில் வாழை இலைப் பொட்டலம். லேப் வாசலில் மேடம் நின்றிருந்தார், நானும் கூட இருந்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்தார். நெருக்கித் தொடுத்த குண்டுமல்லிச் சரம், இன்னும் ஈரம் காயவில்லை. எனக்குத் திக்கென்றது. முத்துமாரி அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நம்ம தோட்டத்துப் பூ டீச்சரம்மா. காலைல பறிச்சது. தையில இவ பெட்டியத் தூக்கிட்டுப் போக வந்தப்ப ஒங்க தலையில பூ இல்லாமப் பாத்தேன், மனசு கேக்கல" என்றார்.

முத்துமாரி, அப்பா, வேண்டாம் என்று ஏதோ சொல்லப் போனாள். மேடம் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். சரத்தை இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே வராந்தாவில் நின்று தலையில் வைத்துக்கொண்டார். நன்றாக இருக்கிறதா என்று கருப்பையாவிடம் கேட்டார். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார்.

"சார், இன்னைக்கு லேப நீங்க பாத்துக்கங்க. நான் உள்ள வரல."

சாயங்காலம் வரை அவர் உள்ளே கால் வைக்கவில்லை. வராந்தாவில் மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துதான் கையெழுத்தெல்லாம் போட்டார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் முத்துமாரி வீட்டுப் பூ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மேடம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு தச்சர். கதவுக்குப் பக்கத்தில், தன் கைக்கு எட்டுகிற உயரத்தில் முதல் ஆணியை அடிக்கச் சொன்னார். சரத்தைக் கழற்றி அதில் மாட்டினார், கையைக் கழுவினார், உள்ளே போனார். சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அப்படித்தான். மற்ற ஆணிகள் மாணவிகள் கேட்டு வாங்கிக்கொண்டவை.

அதனால் தங்கச்சி, பெயிண்ட் அடிப்பவரிடம் சொல்லுங்கள், ஆணிகளைச் சுற்றி அடிக்கட்டும்.